ஃபிலிம் எங்கே நிற்கிறது, சென்சார் எங்கே நிற்கிறது

அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் வேலையில் அடிக்கடி வரும் புகார் இது: டெவலப் செய்த ரோல் முழுக்க வெற்று நெகட்டிவ். ஃபிலிமின் ஓரத்தில் தயாரிப்பாளரே பதித்த எண்கள் கறுப்பாக விழுந்திருந்தால் டெவலப்பர் மேல் குற்றமில்லை. ஷட்டரைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 ஃபிலிமுக்கு முன்னால், அலைநீளம் 850 நானோமீட்டருக்கு மேலான ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் மாட்டியிருப்பார்கள். அந்த ஃபிலிம் சுமார் 740-க்கு மேல் குருடு. ஃபில்டர் விடும் ஒளியோ அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. 720 ஃபில்டர் போட்டாலும் மிஞ்சுவது சின்ன இடுக்குதான். இலைகள் வெளுக்கும், பனிபோல் ஆகாது.

பனிபோல் ஆக்கியது 2007-இல் நிறுத்தப்பட்ட கோடக் எச்ஐஇ ஃபிலிம். சுமார் 900 வரை உணரும். அதில் வெளிச்சத்தைச் சுற்றிப் பரவிய பொலிவை அகச்சிவப்பின் குணம் என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில், ஒளி பின்னால் பட்டுத் திரும்புவதைத் தடுக்கும் பூச்சு அந்த ஃபிலிமில் இல்லை, அவ்வளவுதான்.

ஃபிலிமில் ஒளியை உணரும் உப்பான வெறும் சில்வர் ஹேலைடுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். அந்த எல்லையை அகச்சிவப்பு வரை மேலே இழுப்பது எமல்ஷனில், அதாவது ஃபிலிமின் ஒளியுணர் பூச்சில், சேர்க்கும் சாயம். வானியலுக்காகச் செய்த தகடுகள் 1,200-ஐ எட்டியதுண்டு. அவற்றைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால், அறைச் சூடே ஃபிலிமை மூட்டமாக்கிவிடும்.

சென்சாரின் எல்லை சாயத்தில் இல்லை, சிலிக்கானில். சுமார் 1,100-ஐத் தாண்டிய ஒளித்துகளுக்கு அதில் எலக்ட்ரானைக் கிளப்பும் வலு கிடையாது. ஆனால் கடையில் வாங்கிய கேமரா அதுவரைகூடப் போகாது. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே அழுத்திப் பாருங்கள். பல ரிமோட்டுகளின் விளக்கு 940-இல் எரியும்; திரையில் மங்கலாகத் தெரிந்தால் தடுப்பு பலமானது. அப்படிப்பட்ட கேமராவில் 720 ஃபில்டர் போட்டால், நல்ல வெயிலிலும் ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

தடுப்பைக் கழற்றினால் கையில் பிடித்தே எடுக்கலாம். கழற்றிய இடத்தைச் சும்மா விடக்கூடாது. அதே ஒளியியல் தடிமனுள்ள கண்ணாடி வைக்காவிட்டால் ஃபோகஸ் தப்பும். அடுத்த தலைவலி லென்ஸ். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளுத்த வட்டம் விழும், ஒளி நுழையும் துளையைச் சுருக்கச் சுருக்க அது கெட்டிப்படும். எஃப்/4, எஃப்/8, எஃப்/16 மூன்றிலும் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்த பிறகே அந்த லென்ஸை நம்பலாம்.

இத்தனையும் செய்தாலும் இருட்டில் ஆளின் உடற்சூடு பதியாது. அதன் உச்சம் ஏறக்குறைய 9,400 நானோமீட்டர். அதற்கு ஜெர்மானியம் லென்ஸ் போட்ட வெப்பக் கேமரா வேண்டும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் அந்தக் கதிரை உள்ளேயே விடாது.