தொளதொளத்த காற்சட்டை

“இதோடு தண்ணீரில் இறங்க முடியாது” என்று நீச்சல்குளப் பணியாளர் இன்று என் மகனின் தொளதொளத்த காற்சட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டார். வாசலிலேயே இருந்த தானியங்கிப் பெட்டியில் காசு போட்டு, உடலோடு ஒட்டும் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

பிரான்ஸுக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

குளத்தில் உடலோடு ஒட்டும் உடைதான் அணியவேண்டும் என்ற இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணம் சுகாதாரம். 2022 மே மாதம் கிரனோபிள் நகரசபை இதைத் தளர்த்தி, முஸ்லிம் பெண்கள் சிலர் அணியும் உடல்மூடிய நீச்சலுடையான புர்கினிக்கு வழிவிட்டபோது, ஒரு மதத்தாரின் கோரிக்கைக்காகத் தரும் விலக்கு பொதுச்சேவையின் நடுநிலையைக் குலைக்கும் என்று, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஜூன் 21 அன்று அதற்கு விதிக்கப்பட்டிருந்த இடைக்காலத் தடையை உறுதிசெய்தது.

குளத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் எனக்கு ஓரளவு விளங்குகிறது.

விளங்காதது, 2016 ஆகஸ்டில், புர்கினிக்குத் தடை இருந்த நீஸ் கடற்கரையில் காவலர்கள் சூழ்ந்து நிற்க ஒரு பெண் தன் மேற்சட்டையைக் கழற்றும் அந்தப் படம்தான். அவர் அணிந்திருந்தது புர்கினிகூட அன்று. நீள மேற்சட்டையும் தலைத்துணியும். சில நாட்களில், ஆகஸ்ட் 26 அன்று, அதே நீதிமன்றம் பக்கத்து ஊரான வில்நெவ்-லூபே தன் கடற்கரையில் விதித்திருந்த இதேபோன்ற தடையை நிறுத்திவைத்தது.

இன்று குளத்தில் மறுக்கப்பட்ட இதே காற்சட்டையோடு போன கோடையில் நீஸ் கடலில் என் மகன் நாள் முழுக்கக் குளித்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.