செட் ரெடி சார்

காலையில் கடை திறந்து சாம்பிராணி போடுவதற்குள் ஒரு போன். "சார், செட் ரெடி. ஆறு மணிக்குள்ள வந்து வாங்கிக்குங்க." வைத்துவிட்டான். திருப்பி அடித்தால் பிஸி.

எந்த செட் என்று சொல்ல வேண்டாமா? எங்கள் வீட்டில் இந்த மாதம் செட்டுக்கா பஞ்சம்? தோட்டத்துப் பம்பு செட் காயில் கருகி வைண்டிங்குக்குப் போயிருக்கிறது. சின்னத்தை மகள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் செட் சொல்லியிருக்கிறது. இரண்டாம் கட்டில் பதித்த ஆத்தங்குடிக் கல் இன்னும் செட் ஆகவில்லை. மிதிக்காதீர்கள் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிடம் மிதித்தது நான்தான். வீட்டில் அதைப் பூனை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் பம்பு செட் கடை. "இன்னும் பிரிக்கவே இல்லையேண்ணே" என்றான். பத்து நாளாக அதே ஸ்டூலுக்கு அடியில் அதே மோட்டார். அதன் மேல் அவன் டீ கிளாஸ்.

அடுத்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை. அப்பச்சி விற்கக் கொடுத்த எனாமல் அடுக்குக் கேரியர் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார்: "மூடியைக் கொண்டாந்தீங்களா? செட்டா இருந்தாத்தான் தம்பி விலை." மூடியில் எங்கள் வீட்டு நாய் தண்ணீர் குடிக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பாத்திரக்கடைக்காரரோ அட்வான்ஸ் எங்கே என்றார். வெயிலில் காரைக்குடியை ஒரு சுற்று சுற்றியதுதான் மிச்சம்.

மத்தியானம் வீட்டில் புலம்பினால், காலேஜ் படிக்கும் அக்கா மகன் சிரிக்கிறான். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில் செட்டுக்கு மட்டும் 430 அர்த்தமாம். இப்போது ரன் என்ற சொல் அதையும் முந்திவிட்டதாம். "430ல மூணுதானே மாமா பாத்திருக்கீங்க?" அந்த நேரத்தில் அவனுக்குச் சோறு போட்டது என் மனைவியின் பெருந்தன்மை.

அப்பத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "செட்டு இங்கிலீசாடா? நம்ம வார்த்தைடா அது. கட்டும் செட்டுமாக் குடும்பம் நடத்தணும்னு எங்க ஆத்தா சொல்லித்தான் அனுப்புனா." சும்மா சொல்லக்கூடாது, ஒரே தீக்குச்சியில் விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி மூன்றையும் முடிக்கிற மனுசி. ஆனால் அந்த 'செட்டு' அவள் வாயிலிருந்து சொல்லாக வரவில்லை, முக்கால்வாசி காற்றாகத்தான் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. பல் செட்!

ஐந்தே முக்காலுக்குப் பல் டாக்டர் வாசலில் நின்றேன். "காலையிலயே சொன்னேனே சார்" என்றான் அந்தப் பையன். சொன்னாயப்பா, சொன்னாய்.

இரண்டு வாரம் கஞ்சியும் இடியாப்பப் பாலுமாக ஓட்டிய அப்பத்தா, வந்ததும் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு தேன்குழலைக் கடக்கென்று கடித்தாள். எல்லோருக்கும் கேட்டது. மனைவி கைதட்டினாள்.

ஒரு கடிதான். கழற்றிக் கழுவி, டம்ளர் தண்ணீரில் போட்டு, தட்டால் மூடி வைத்தாள்.

"ஏன் அப்பத்தா, வலிக்குதா?"

"தேஞ்சுரும்டா. கல்யாணத்தன்னைக்குப் போட்டுக்கிறேன்."

மிச்சத் தேன்குழலைக் காப்பியில் ஊறப்போட்டாள்.