தாழ்ந்த குரலும் உறுமியும்: ஆடியோ இண்டர்ஃபேஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்புறம் நீட்டிக் கட்டிய அறைக்குத் தகரக் கூரை. அங்கேதான் கணினியை வைத்திருக்கிறேன். அம்மா பால்மரம் சீவிய காலத்தில் தோட்டத்து லயங்களில் பாடிய தாலாட்டுகளையும் தெம்மாங்குகளையும், கோயில் உறுமி மேளக் குழுவில் இருக்கும் என் தம்பியின் வாசிப்பையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குக் கணினியோடு ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டத்தைப் பெருக்கி எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் சிறு பெட்டி, தேவைப்பட்டது.

முதலில் வாங்கியதை, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்த 192 கிலோஹெர்ட்ஸ் என்ற மாதிரி வீத எண்ணை (ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதை) நம்பி வாங்கினேன். அது தவறான அளவுகோல். மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேலான மாதிரி வீதமே போதும். குறுந்தட்டுக்கு 44.1, காணொளிக்கு 48 என்பதே வழக்கம். இன்று கடைகளில் கிடைக்கும் இண்டர்ஃபேஸ்களில் இவ்விரண்டும் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

பார்க்க வேண்டியது கெயின், அதாவது இண்டர்ஃபேஸுக்குள் இருக்கும் பிரீஆம்ப் என்னும் பெருக்கி மைக் ஒலியை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. மேடைகளில் நாம் காணும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கின் முன் 94 டெசிபல் ஒலி எழுந்தால், அதிலிருந்து வருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அம்மா தாலாட்டைத் தாலாட்டாகவே பாடுகிறார். பக்கத்தில் குழந்தை உறங்குவது போன்ற குரல் அது. ஒலி 20 டெசிபல் தாழ்ந்தால் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதைப் பயன்படும் அளவுக்கு உயர்த்த 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு, பெருக்க வேண்டியிருக்கிறது. என் முதல் பெட்டியில் கெயின் குமிழை முழுதும் திருப்பியும் குரல் எட்டவில்லை. பிறகு கணினியில் உயர்த்தியபோது குரலோடு இரைச்சலும் சேர்ந்து உயர்ந்தது. அம்மா மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் அந்த இரைச்சல்தான் கேட்டது. பல முறை கேட்டுப் பார்த்து, மனம் பொறுக்காமல் அந்தப் பதிவுகளை அழித்துவிட்டேன்.

கண்டென்சர் மைக் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்று பலர் சொல்வார்கள். அதிலிருந்து வரும் ஒலி வலுவானது. அதை இயக்க மைக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவர் மட்டும் இண்டர்ஃபேஸில் இருந்தால் போதும். ஆனால் மெத்தை ஒட்டிய பதிவறைக்கு ஏற்ற மைக் அது. தகரக் கூரையில் விழும் தூறலையும், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளையும், சேவலையும் அது அம்மாவின் குரலோடு சேர்த்தே அள்ளிக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதமும் அதற்கு ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டிவைத்துக் காக்க வேண்டும். டைனமிக் மைக்கை வாயருகே வைத்து, கெயின் மிகுந்த இண்டர்ஃபேஸுடன் இணைப்பதே நம் வீடுகளுக்கு உகந்தது என்பது என் துணிபு.

உறுமிக்கு நேர் எதிரான தேவை. வளைந்த கோலால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முழக்கமும் அடுத்த முகத்தில் விழும் அடியும், கெயினை முற்றிலும் குறைத்த பிறகும் சில இண்டர்ஃபேஸ்கள் தாங்கும் அளவை மீறி ஒலியைச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த ஒலியைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. ஆகையால் விவரப் பட்டியலில் கெயின் வரம்போடு, மைக் உள்ளீடு தாங்கும் அதிகபட்ச அளவையும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள், நிறுவனமே எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர், அதாவது ஒலியைத் தாமதம் குறைத்துக் கணினிக்குக் கொண்டுசெல்லும் மென்பொருள், உண்டா என்று கேட்டறிய வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 மாதிரிகள் கொண்ட பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் தற்காலிக இடம்) என்றால் அதற்கே ஒரு வழிக்கு 21 மில்லிவினாடி தாமதம். தம்பி தன் அடியைத் தானே பிந்திக் கேட்டுத் தாளம் தடுமாறினான். நல்ல டிரைவர் இருந்தால் பஃபரை 128 வரை குறைக்கலாம். மைக் ஒலியைக் கணினிக்குப் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் வசதியும் இருந்தால் கவலையே இல்லை.

இறுதியில் நான் வாங்கியது ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2, நான்காம் தலைமுறை. அதன் கெயின் 69 டெசிபல்; அதே வரிசையில் விலை குறைந்த சோலோவில் 57 மட்டுமே. விலை வித்தியாசத்தைத் தாண்டி என்னை முடிவெடுக்க வைத்தது இந்தப் பன்னிரண்டு டெசிபல்தான். இரண்டு மைக் உள்ளீடுகள் இருப்பதால் உறுமியின் இரு முகங்களுக்கும் தனித்தனி மைக் வைக்க முடிகிறது. பத்து வினாடி கேட்டுத் தானே கெயினை அமைத்துக்கொள்ளும் ஆட்டோ கெயின் வசதியும் உண்டு. அம்மா முதல் வரியை எப்போதும் தயங்கித் தயங்கித்தான் தொடங்குவார். அந்த வரியைக் கொண்டு அமைத்தால், குரல் ஏறும்போது அளவு மீறிவிடும். அதனால் அந்தப் பத்து வினாடிகளுக்கு மட்டும் பாட்டின் உச்சப் பகுதியைப் பாடச் சொல்லிவிட்டு, மழை இல்லாத காலை வேளைகளில் பதிவைத் தொடங்குகிறேன்.