சின்னவளுக்கு ஒரு சீஸ்கேக்

போன மே மாதம் என் சின்ன மகளுக்குப் பதினோரு வயது முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ராத்திரி பாய் விரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மா, இந்தத் தடவை நான் வெட்டுற கேக்கை நானும் சாப்பிடலாமா?"

அதற்கு முந்தைய இரண்டு பிறந்தநாளும் எப்படி நடந்தது என்று எனக்குத்தானே தெரியும். பேக்கரி கேக் வரும். அவள் மெழுகுவர்த்தி ஊதுவாள், கேக்கை வெட்டுவாள், அக்காவுக்கும் அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஊட்டுவாள். அப்புறம் தானாகவே கொல்லைப்பக்கம் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தனித் தட்டில் வைத்திருக்கும் கருப்பட்டிப் புட்டைச் சாப்பிடுவாள். விரலில் ஒட்டிய மைதாத் துணுக்கு வாய்க்குள் போனாலும் அவளுக்கு ஆகாது. அந்தக் கை கழுவும் சத்தம் எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய சிறுகுடலையே தாக்கும். அரிசி தின்கிற ஊரில் இதை யாரும் சட்டென்று சந்தேகப்படுவதில்லை. மூன்று வருடம் குடல்பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் கொடுத்தோம். ஒன்பது வயது முடிவதற்குச் சற்று முன்பு மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்து, எண்டாஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்க வைக்கும் நொதி சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் விரல் மாதிரியான நுனிகளில்தான் இருக்கிறது. அந்த நுனிகள் தேய்ந்துபோனால் பாலும் செரிக்காது. குடல் ஆறிவந்தால் பால் திரும்ப ஒத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை இரண்டும் கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை மாறிவிட்டது. சப்பாத்திக் கட்டை வெளியே போனது. மிக்ஸி ஜார் புதிதாக வாங்கினேன். டப்பாவில் வரும் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அந்த ஆறு மாதமும் ரசத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கேக். ரவை கூடாது, மைதா கூடாது என்றால் அரிசி மாவில் ஏதாவது செய்யலாம். ஆனால் அவள் கேட்டது சீஸ்கேக். சென்னையிலிருக்கும் சித்தப்பா மகள் போனில் அனுப்பிய படத்தில் மஞ்சளாக, வழவழவென்று, மேலே மாம்பழம் வைத்து ஒரு துண்டு இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வழக்கமான சீஸ்கேக்கில் அடியில் இருப்பது கோதுமை பிஸ்கட் தூளும் வெண்ணெயும். மேலே கிரீம் சீஸ். அடியிலிருந்து நுனிவரை அவளுக்கு ஆகாததாகவே அடுக்கி வைத்த பண்டம் அது. லாக்டோஸ் நீக்கிய கிரீம் சீஸ் எங்கள் பக்கத்துக் கடை எதிலும் கிடையாது.

அதனால் சீஸ் என்றால் நாக்குக்கு என்ன தெரிகிறது என்று யோசித்தேன். கொழுப்பு, கொஞ்சம் உப்பு, பின்னால் வரும் ஒரு புளிப்பு. கொழுப்புக்கு முந்திரியும் தேங்காய்ப் பாலும் போதும். 200 கிராம் முந்திரியை நாலு மணி நேரம் ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நெறுநெறுப்புத் தெரியாத அளவுக்கு அரைக்க வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். மிக்ஸி சூடானால் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். தேங்காய் முதல் பால் 300 மில்லி. டப்பாப் பால் வேண்டாம். உச்சிப்புளி ஊர்ப் பக்கத்துத் தோப்புத் தேங்காயைத் துருவிப் பிழிந்தால் வரும் வாசனை டப்பாவில் இல்லை.

புளிப்புக்கு எலுமிச்சை மட்டும் விட்டுப் பார்த்தேன். எலுமிச்சை சாதம் மாதிரி மூக்கில் ஏறியது, பாலின் புளிப்பாக இல்லை. அப்போதுதான் பழைய சோற்றுப் பானை கண்ணில் பட்டது. நீராகாரத்தின் புளிப்பும் தயிரின் புளிப்பும் ஒரே வகை நுண்ணுயிர்களால் வருவதுதானே. மோர் சேராத நீராகாரம் இரண்டு ஸ்பூன் எடுத்து முந்திரி விழுதில் கலந்து மூடி வைத்தேன். எங்கள் மே மாத வெக்கையில் ஆறு மணி நேரம் போதும். திறந்தால் விழுது லேசாக உப்பியிருந்தது. கரண்டியால் கிளறினால் உள்ளே சின்னச் சின்னக் காற்றுப் பொத்தல். மோர்ப்பானையைத் திறந்தது மாதிரி மணம். அதில் அரை ஸ்பூன் உப்பு போட்டு நாக்கில் வைத்தபோது, இனி மற்றதெல்லாம் வந்துவிடும் என்று தோன்றிவிட்டது. அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

அடுத்தது உறைய வைப்பது. கடைகளில் ஜெலட்டின் போடுவார்கள். மாட்டின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது என்பதால் எங்கள் வீட்டில் அது வேண்டாம். மேலும் ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும், எங்கள் மண்டபம் ஊர்க் கோடையில் எப்படி நிற்கும்? அகர் என்றும் சொல்கிற கடற்பாசிதான் சரி. நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மாமி தேங்காய்ப் பால் ஊற்றிக் கடற்பாசி செய்து அனுப்புவார்கள், தட்டை ஆட்டினால் அதுவும் ஆடும், ஆனால் உடையாது. மளிகைக் கடையில் வெள்ளையாக நார் நாராகப் பத்து கிராம் பாக்கெட்டில் கிடைக்கிறது.

நான் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், சின்னவளின் அப்பத்தா, வந்து ஒரு நாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏத்தா, இதையா காசு குடுத்து வாங்கியாந்த? இது எங்க பாசிதானத்தா."

நான் பிறந்தது பரமக்குடி. கடலை வேடிக்கை பார்க்கத் தெரியுமே தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அத்தை பாம்பன் சின்னப்பாலத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பாசி எடுக்கப் போனவர். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலெல்லாம் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு மூழ்குவார்களாம். சுற்றாவிட்டால் பாறை கையைக் கிழித்துவிடும். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து என்ற பாசிக்குத்தான் நல்ல விலை. கஞ்சிப்பாசிக்குக் குறைவு. கட்டக்கோரைக்கு அதையும்விடக் குறைவு. கரையில் மணலில் காயவைத்துச் சாக்கில் கட்டினால் வியாபாரி எடைபோட்டு எடுத்துப் போவார். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு தீவுப் பக்கம் போவதே வனத்துறைக்குப் பயந்து பயந்துதான் என்றார். இப்போது கரையோரம் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அது வேறு பாசி, அதிலிருந்து எடுப்பது காராஜீனன் என்ற வேறு உறைபொருள். இந்த வெள்ளை நாராக வரும் அகர், மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கொடுப்பது. "மதுரைக்கு லாரியில போவும்னு தெரியும். அதுக்குப் பெறகு என்னவா ஆவும்னு யாரு கண்டா" என்று அந்த நாரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு உண்டு. அது எதனால் என்று பதினாறு வருடத்தில் அன்றுதான் கேட்டேன்.

முதல் தடவை நான் செய்தது கெட்டுப்போனது. ஆறு கிராம் நாரை அரை மணி நேரம் ஊறவைத்து, 250 மில்லி தண்ணீரில் சிறு தீயில் நார் கரையும்வரை காய்ச்சினேன். அதுவரை சரி. பிரிட்ஜிலிருந்து எடுத்த முந்திரி விழுதில் அதை ஊற்றினேன். கண் முன்னாலேயே பொரிப்பொரியாகத் திரிந்துவிட்டது. வாயில் போட்டால் மணல் மாதிரி. இருநூறு கிராம் முந்திரி விலை உங்களுக்கே தெரியும். மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டுக்காரருக்கு வருமானம் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தைதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூட்டோட சூட்ட ஊத்தணுத்தா. ஆறுனதுல ஊத்துனா அது ஒறையத்தான் செய்யும்." கஞ்சிப்பாசியைக் காய்ச்சிக் கஞ்சி வைத்துக் குடித்தவர். அகர் நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைய ஆரம்பித்துவிடும், மறுபடி இளக வேண்டுமானால் 85 டிகிரி வரை சூடேற வேண்டும் என்று பிறகு படித்தேன். அத்தைக்கு அது கையிலேயே இருந்திருக்கிறது.

அதனால் இப்போது செய்வது இப்படி. முந்திரி விழுது, தேங்காய்ப் பால், 100 கிராம் சர்க்கரை, அரைத்த மாம்பழம் ஒரு டம்ளர், எல்லாவற்றையும் கலந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, விரல் வைத்தால் சுருக்கென்று சுடும்வரை சூடாக்குவேன். நேரடித் தீயில் வைத்துக் கொதிக்கவிட்டால் தேங்காய்ப் பால் திரிந்துவிடும். அதில் வடிகட்டிய பாசித் தண்ணீரை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, அரை மூடி எலுமிச்சை. புளிப்போடு சேர்த்துப் பாசியைக் கொதிக்கவிட்டால் உறையும் சக்தி குறைந்துபோகும்.

அடித்தட்டுக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் பொரியரிசி. புழுங்கலரிசியை வெறும் சட்டியில் பொன்னிறமாகப் பொரியும்வரை வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்து, வறுத்த நிலக்கடலைத் தூள், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், இரண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் போட்டுப் பிசைந்து டின்னில் அழுத்தினால் பொருள்விளங்கா உருண்டையின் வாசனை வரும். கடைப் பிஸ்கட்டைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அரிசியை வீட்டிலேயே பொடியுங்கள். ஒத்திகைக்கு ஒரு முறை மாவு மில்லில் அரைத்து வந்தேன். எனக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருக்கிறார்கள். மில்லில் எவ்வளவு தட்டினாலும் உள்ளே ஒட்டியது வரத்தான் செய்யும். சின்னவளுக்கு இரண்டு நாள் வயிற்றுவலி. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று போடக்கூடாது என்பது நம் நாட்டு விதி. 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. மில்லில் ஒட்டிய மாவு அதைவிட எவ்வளவோ அதிகம்.

பழத்துக்கு மே மாதம் கேட்கவே வேண்டாம். கிரீமுக்குள் பங்கனப்பள்ளி, அதில் நார் கிடையாது. மேலே நுங்கு. இளம் நுங்காக, தோல் உரித்தால் உள்ளிருக்கும் தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அதைக் கிரீமுக்குள் போடக்கூடாது, நீர் விட்டுக் குழைத்துவிடும். வெட்டப் போகும்போது மேலே அடுக்கினால் போதும். அன்னாசி கிடைத்தாலும் தைரியமாகப் போடலாம். ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் அதன் நொதி ஜெலட்டினைக் கரைத்துவிடும். கடற்பாசி புரதம் இல்லை, அதனால் அதை ஒன்றும் செய்யாது.

பிறந்தநாளன்று மதியம் மூன்று மணிக்குக் கரண்டு போனது. ஆறரைக்குத்தான் வந்தது. நான் பிரிட்ஜைத் திறக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது டின்னில் ஓரத்துக்குச் சுற்றியிருந்த வாழையிலை வேர்த்திருந்தது, அவ்வளவுதான். இலையை இழுத்தேன், அது கிரீமை விட்டுச் சுத்தமாகக் கழன்று வந்தது. பக்கவாட்டில் இலை நரம்பின் கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பக்கத்து வீட்டு மாமியின் கடற்பாசி மாதிரியே ஆடியது.

கத்தியைச் சின்னவள்தான் பிடித்தாள். முதல் துண்டை அப்பத்தாவுக்கு ஊட்டினாள். அத்தை மென்றுகொண்டே, "மாங்கா வாசம் தூக்கலா இருக்கு, பாசி வாசம் ஒண்ணுமில்ல" என்றார். அக்காவுக்கு, அப்பாவுக்கு, எனக்கு. அப்புறம் விரலில் ஒட்டியிருந்ததை நக்கினாள்.

மீதித் துண்டுகளை நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு மாமி, நாவல் பழம் வந்ததும் அதில் ஒன்று செய்து தரச் சொன்னார்களாம். நாவல் பழத்தின் துவர்ப்புக்குச் சர்க்கரையைவிடக் கருப்பட்டிதான் சேரும் என்று நினைக்கிறேன். ஜூன் கடைசியில் செய்து பார்த்துவிட்டு அளவு எழுதுகிறேன்.