ராஜமுந்திரியில் என் முதல் ஆறு வாரங்கள்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு, என்னை ராஜமுந்திரிக்கு மாற்றியிருப்பதாகத் தொலைபேசியில் தகவல் வந்தது. அப்போது எனக்கு 19 வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் நற்செய்தி ஊழியனாகச் சென்னையில் 18 வாரங்களை முடித்திருந்தேன். எங்களை மார்மன்கள் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2018இல் சபைத் தலைவர் ரசல் நெல்சன் முழுப் பெயரையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்ட பிறகு நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம்; ஆனால் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் அடுப்பில் இருப்பதை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடுவார்.

எங்கள் ஊழியத்தின் ஏற்பாடு அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆண்களுக்கு 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள். எங்கே, யாரோடு என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். உடன் இருப்பவரைக் கம்பானியன் என்போம். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றப் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1993இல் தொடங்கப்பட்ட பெங்களூரு மிஷன் என்ற எங்கள் ஊழியப் பகுதிக்குள் பல மொழிகள் அடங்கும் என்பதும், கோயம்புத்தூர்ப் பையனைக் கோதாவரிக் கரைக்கு அனுப்பலாம் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அனுப்பும் இடத்துக்குப் போகிறேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டவன்தான். இருந்தாலும் அந்த இடங்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இரண்டு பெட்டிகளோடு புறப்பட்டேன். விசாகப்பட்டினத்துக்கு மாற்றலான இன்னொரு ஊழியரும் உடன் வந்தார். கொவ்வூரைத் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து ஆற்றில் காசு போட்டார்கள். முடியவே முடியாது என்று தோன்றிய அந்தப் பாலம் முடிந்ததும் ராஜமுந்திரி. நடைமேடையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக என் புதிய கம்பானியன் காத்திருந்தார். அவர் தாய்மொழி தெலுங்கு. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலம்.

முதல் வாரம் நான் பொம்மையாக இருந்தேன். காலை 6.30க்கு எழுவது, படிப்பது, இரவு 10.30க்கு விளக்கை அணைப்பது என்ற ஒழுங்கில் எந்த மாற்றமும் இல்லை. இடையில் உள்ள நேரத்தில்தான் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. கதவு கதவாகத் தட்டும் வழக்கம் எங்களுக்கு அங்கே இல்லை. சபையினர் அறிமுகப்படுத்தும் வீடுகளுக்கே போவோம். அங்கே கம்பானியன் பேசுவார், வீட்டார் சிரிப்பார்கள், நானும் அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன். மெட்ராஸுக்கு 1853இல் வந்திறங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் என்ற எங்கள் சபை ஊழியரைப் பற்றிச் சென்னையில் படித்திருந்தேன். அவர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களிடையேதான் ஊழியம் செய்தார் என்பதைப் படித்தபோது, தமிழைக் கற்றிருக்கலாமே என்று நினைத்திருந்தேன். ராஜமுந்திரியின் ஜூன் மாத வெயிலில் அவர்மேல் எனக்குத் திடீரென்று இரக்கம் பிறந்தது.

இரண்டாம் வாரம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. சபை உறுப்பினர் ஒருவரின் பெரியம்மா, தனியாக வாழ்ந்தவர், வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். நாங்கள் போயிருந்தபோது அவருடைய பேரனின் சைக்கிள் செயின் கழன்றுவிட, கம்பானியன் அதை மாட்டுவதற்காக முற்றத்துக்குப் போனார். நான் முதல் நாள் இரவு முழுவதும் உருப்போட்டிருந்த தெலுங்கு வாக்கியத்தை எடுத்து விட்டேன்: அடுத்த வாரமும் வந்து வேதம் வாசிக்கலாமா? அந்த அம்மா அன்பாகச் சிரித்து, "அவசரம் லேது, பாபு" என்றார். 'லேது' என்றால் இல்லை என்பது எனக்குத் தெரியும். மீதி தமிழ்தானே! அவசரமில்லை, நிதானமாக வாருங்கள் என்று எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோய், குறிப்பேட்டில் வியாழக்கிழமைக்கு ஒரு சந்திப்பையும் சனிக்கிழமைக்கு இன்னொன்றையும் எழுதி வைத்தேன்.

வியாழக்கிழமை எங்களைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. தண்ணீர் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கம்பானியன், அன்று அவர் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அந்த அம்மா, தேவையில்லை தம்பி என்று மரியாதையாக மறுத்திருக்கிறார். நான் அதற்கு நாள் குறித்திருக்கிறேன்.

திரும்ப உள்ளே போய் மன்னிப்புக் கேட்டோம். கம்பானியன் விளக்கியதும் அவர் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். அரவத்தில் அதற்கு அப்படியா பொருள் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார் (அங்கே பேச்சு வழக்கில் தமிழை அரவம் என்பார்கள்). வேதப் பாடம் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார், நாங்களும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் செவ்வாய்தோறும் வந்து தெலுங்கை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் திருத்துகிறேன் என்று அவரே சொன்னார். தமிழில் ஒரே ஒரு 'க'வை வைத்துக் காலம் தள்ளியவன் நான், அங்கே நான்கு. மெஷினை மிதித்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டு, தவறு வந்த இடத்தில் மிதிப்பதை நிறுத்துவார். சத்தம் நின்றால் நான் மீண்டும் படிக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை கம்பானியன்கள் இருவரும் உட்கார்ந்து மனக்குறைகளை வெளிப்படையாகப் பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த வாரம் நான் தயங்காமல் கேட்டேன்: ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நிமிடம் எனக்குக் கொடுங்கள், நான் தடுமாறினாலும் குறுக்கே வராதீர்கள். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வீட்டார் பொறுமை இழப்பார்கள் என்றார். இருந்தாலும் கொடுத்தார். எனக்கு உண்மையில் உதவிய ஏற்பாடு அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாளில் ஐந்து வீடு என்றால் பத்து நிமிடத் தெலுங்கு.

தேநீர் ஒரு தனித் தொல்லை. 1833 முதல் எங்கள் சபையில் இருந்துவரும் ஞான வார்த்தை என்ற கட்டளைப்படி தேநீரும் காபியும் நாங்கள் குடிப்பதில்லை. ஆந்திர வீடுகளிலோ வந்தவரைத் தேநீர் இல்லாமல் அனுப்புவதில்லை. கொண்டு வந்த பிறகு மறுத்தால் முகம் வாடிவிடும். ஆகவே உட்காரும் முன்பே "மஜ்ஜிக உந்தா அம்மா?" என்று மோர் கேட்கக் கற்றுக்கொண்டேன். கேட்டு வாங்கிக் குடிக்கும் பையனை எந்த வீட்டிலும் வெறுப்பதில்லை.

அம்மாவோடு திங்கட்கிழமைகளில் பேசுவேன். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஊழியர்களுக்கு அனுமதி வந்திருந்தது. அதற்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். நான் கொஞ்சம் கொடுத்து வைத்தவன்.

ஆறாவது வாரம், இரவெல்லாம் மழை பெய்து ஓயாத ஒரு காலையில், தையல்கார அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. கம்பானியன் குளித்துக்கொண்டிருந்ததால் நானே எடுத்தேன். "மீ சாயம் அவசரம், பாபு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த முறை ஏமாறவில்லை: நம்முடைய உதவி அவருக்குத் தேவைப்படுகிறதாம், என்று கம்பானியனிடம் துல்லியமாக மொழிபெயர்த்துச் சொன்னேன். படிப்பை முடித்து, உப்புமா சாப்பிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனோம்.

சாக்கடை எதிர்த்து ஏறி, அந்த வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் துணி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார். என் சட்டையின் மடிப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"நேனு செப்பிந்தி மீ அரவ அவசரம், பாபு" என்றார். நான் சொன்னது உங்கள் தமிழ் அவசரம்.

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மெஷினை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம்.