வாலிநோக்கம் பொட்டலில் ஒரு ஜோடி கோர்சர்

பிப்ரவரி மாதம், காலை ஆறரை மணி. உப்பளத்தில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று நண்பர் சொன்னதால் கீழக்கரையிலிருந்து பைக்கில் வாலிநோக்கம் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு பொட்டல். ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன காய்ந்த புல், அங்கங்கே உப்புப் பூத்த தரை, தூரத்தில் பனைமரங்கள். இந்த மாதிரி இடத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் என்னால் போக முடியாது.

முதலில் ஒரு மஞ்சள் மூக்கு ஆட்காட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் மண்ணாங்கட்டி ஒன்று ஓடியது. ஓடி, சட்டென நின்று, நிமிர்ந்தது. பைனாகுலரை வைத்ததும் கை நடுங்கிவிட்டது. இந்தியன் கோர்சர்! பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன், இதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

உடம்பு மைனா அளவுதான். உச்சந்தலை செங்கல் நிறம். வெள்ளைப் புருவமும், அதன் கீழே கண் வழியாகப் போகும் கறுப்புக் கோடும் பிடரியில் போய்க் கூடுகின்றன. மார்பு செம்பழுப்பு, வயிற்றில் கறுப்புத் திட்டு, கால்கள் நெடுநெடுவென்று வெளிறிப்போய் இருந்தன. கொஞ்சம் ஓடும், நிற்கும், அப்படியே முன்னால் சாய்ந்து ஒரு கொத்து, மறுபடி நிமிரும். ஒளியவே தேவையில்லை அதற்கு. அசையாமல் நின்றால் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. இரண்டு தடவை தொலைத்துவிட்டு, தேடும்போதுதான் பக்கத்தில் இன்னொன்றும் இருப்பது தெரிந்தது.

இதன் அறிவியல் பெயர் கர்சோரியஸ் கோரமண்டலிகஸ். 1789-ல் கிமெலின் என்ற ஜெர்மானிய இயற்கை அறிஞர் வைத்தது. முதல் பாதிக்கு ஓடுவது என்று பொருள், அடுத்த பாதி நம் சோழமண்டலம். இந்தக் கிழக்குக் கரையின் பெயர் கொண்ட பறவையை அதே கரையோரத்தில் பார்த்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

அவை தாழப் பறந்து தள்ளிப்போன பிறகு அந்த இடத்துக்குப் போனேன். புழுதியில் கால்தடம் அச்செடுத்தது போல இருந்தது. மூன்று விரல், மூன்றும் முன்பக்கம். கோர்சருக்குப் பின்விரல் கிடையாது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"அதையா பாக்குறீக தம்பி? ரெண்டு மூணு வருசமா இங்கதான் கெடக்கு. ஆக்காட்டி கணக்கா கத்தாது, ஓடிப் போயிரும்."

பொட்டலின் வடக்கு ஓரத்தில் சீமைக்கருவேல் ஏறி வருவதைக் காட்டினார். போன வருடம் அது வரைக்கும் ஆடு போகுமாம். தரிசுதானே, மரம் வந்தால் நல்லதுதானே என்று நாம் நினைக்கிறோம். கோர்சருக்கு அந்த வெறும் தரைதான் வீடு. புதர் மூடினால் ஓட இடமில்லை, நரி வருவதும் கண்ணுக்குத் தெரியாது. கூடுகூடக் கட்டாமல் தரையிலேயே இரண்டு மூன்று முட்டை வைக்கிற பறவை அது.

"சித்திரை பக்கம் முட்டை வைக்கலாம் ஐயா. பாத்தீங்கன்னா ஆட்டை அந்தப் பக்கம் விடாம..."

"அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? கல்லு ரெண்டு அடையாளம் வச்சுட்டு ஒதுக்கித்தான் ஓட்டுவோம்."

பூநாரைகளைப் பார்க்கப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.