வாலை வெட்டும் வால்

போன வாரம் ஆபீஸில் ஒரு எக்செல் மேக்ரோவின், அதாவது ஷீட்டுக்குள் ஓடும் குட்டிப் புரோகிராமின், கூட்டுத்தொகை உதைத்தது. மூன்றே வரிகள்: 850, 1,250, 2,400. வர வேண்டியது 4,500, வந்தது 853. பார்த்ததுமே சிரித்துவிட்டேன், இதே அடியைக் கியூபேசிக் என்ற பழைய புரோகிராம் மொழியின் காலத்திலேயே வாங்கியவன் நான்.

அப்போது மாமாவின் அரிசிக் கடைக்கு ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மாமாவுக்குக் கமா இல்லாமல் தொகை எழுதவே வராது. அடிப்பதை வாங்க வெறும் இன்புட் கட்டளை வைத்தால் கமாவைக் கண்டதும் 'ரீடூ ஃப்ரம் ஸ்டார்ட்', முதலிலிருந்து அடி, என்று முறைக்கும். அதனால் வரியை அப்படியே வாங்கும் லைன் இன்புட்டில் எழுத்துச் சரமாகவே வாங்கி, வால் ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்கினேன். சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு! இந்த வால் இடமிருந்து படித்துக்கொண்டே வரும், எண்ணோடு சேராத எழுத்து ஒன்று தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றுவிடும், மிச்சத்தைப் பற்றி மூச்சே விடாது. 1,25,000 என்று அடித்தாலும் அதற்கு 1தான். 'அரிசி' என்று அடித்தால் 0. எரர் என்று ஒன்று வந்தால்தானே தெரியும். பெயர்தான் வால், பிழைப்பு வாலை வெட்டுவது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

எண்ணைச் சரமாக்கும் எஸ்டிஆர் டாலர் (STR$) ஃபங்ஷன் இதற்கு நேர்மாறு, கேட்காமலே ஒன்றைச் சேர்க்கும். 100ஐக் கொடுத்தால் நீளம் 4 என்று வரும், ஏனென்றால் முன்னால் ஒரு வெற்றிடம் இருக்கும். மைனஸ் குறி உட்கார வேண்டிய நாற்காலி அது, பிளஸ் எண்ணுக்குக் காலியாகக் கிடக்கிறது. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் எண்ணை முழு எண்ணாக்கும் இன்ட், ஃபிக்ஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்களின் சண்டை. சரக்குத் திரும்பி வந்து −12.50 என்று விழுந்தால் இன்ட் −13 தரும், ஃபிக்ஸ் −12 தரும். மாமாவுக்கு எது லாபம் என்று யோசித்துத்தான் போட வேண்டும்.

சரி, ஆபீஸ் மேக்ரோவுக்கு வருகிறேன். அதிலும் இதே வால்தான், 850, 1, 2 என்று கூட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு, சரத்தை எண்ணாக்கும் இன்னொரு ஃபங்ஷனான சிடிபிள் போட்டேன், அது கமாவைப் புரிந்துகொள்ளும், புரியாவிட்டால் வாய்விட்டுக் கத்தும். 4,500 வந்தது. ஷீட்டின் அடுத்த நெடுவரிசையில் கதவு எண்கள் இருந்தன, அங்கேயும் யாரோ வால் போட்டிருந்தார்கள். 12டி3 என்ற வீட்டுக்கு எதிரே 12000 என்று இருந்தது. டி என்பதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு, 12ஐப் பத்தால் மூன்று முறை பெருக்கியிருக்கிறது.